அப்பா வரைந்த ஊர்

மார்ச் 4

தங்கைக்கு,

இன்று மார்ச் நான்காம் தேதி. எனக்கு வயது எழுபத்தெட்டு, ஏழு மாதம், பதினோரு நாள். இதைக் கடிதத்தின் தலையில் எழுதுவது அனுதாபம் தேடி அல்ல. நீ அனுப்பிய அச்சுப்படியின் முன்னுரையில் "ஏறக்குறைய எண்பது வயதாகும் என் அக்கா" என்று இருக்கிறது. நில அளவையாளரின் மகள் "ஏறக்குறைய" என்று எழுதலாமா? அந்தச் சொல்லை நம் வீட்டில் யாராவது சொன்னால் அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். திருத்திவிடு.

வெளிநாட்டில் மண்ணியல் படித்த இரண்டு வருஷங்களில் நான் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஒன்றுவிடாமல் நீ பாதுகாத்து வைத்திருந்தாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அவற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றியது என்பது விளங்கவில்லை. பொழுது போகாவிட்டால் தையல் பழகியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளைக்குச் சொந்த அச்சகம் இருக்கும்போது உன்னைத் தடுக்க யாரால் முடியும்?

ஒன்றிரண்டு திருத்தங்கள். கோகோ விவகாரத்தை நீ சுருக்கிக் கெடுத்திருக்கிறாய். நடந்தது இது. சலித்துக் காயவைத்த மண் மாதிரிகளை நான் விடுதிச் சமையலறையில் தகர டப்பாக்களில் வைத்திருந்தேன். ஆய்வகத்தில் இடம் இல்லை. மேல் அறையில் குடியிருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருநாள் பாலில் இரண்டு கரண்டி கலக்கிப் பாதிக் கோப்பை குடித்துவிட்டுக் கேட்டார்.

"இந்தக் கோகோ எந்தக் கடையில வாங்கினது? நறநறன்னு இருக்கே."

"அது கோகோ இல்ல சார். ஆத்தங்கரை மண்ணு. ஆறாம் நம்பர்."

அவர் கோப்பையை மெதுவாக வைத்தார். டப்பாக்களை ஒரு பார்வை பார்த்தார். "அஞ்சாம் நம்பர் ருசி எப்படி இருக்கும்?" என்றார்.

அன்று முதல் அந்த விடுதியில் என் பெயர் மண்புழு. அந்த நாட்டு மொழியில் அது இன்னும் அழகாக ஒலிக்கும். அஞ்சாம் நம்பரைப் பற்றிய கேள்வியை நீ வெட்டிவிட்டாய். அது இல்லாமல் அந்தச் சம்பவத்தில் என்ன இருக்கிறது?

இரண்டாவது திருத்தம் முன்னுரையின் மூன்றாம் பத்தியில். "அதே ஊரின் வரைபடப் பள்ளியில் எனக்கும் இடம் கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றார்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடு. இறந்தவர்கள் மறுப்புக் கடிதம் எழுத முடியாது.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படிப்பதைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: "பெரியம்மா கோவமா இருக்காங்களாம்மா?" "இல்லடி, சௌக்கியமா இருக்காங்க" என்றேன்.

வயதைத் திருத்திவிட்டேன். அஞ்சாம் நம்பரையும் சேர்த்துவிட்டேன். அப்பாவைப் பற்றிய வாக்கியத்தை எடுக்க மாட்டேன்.

உனக்கு அந்தக் கடிதங்கள் நீ எழுதிப் போட்டு மறந்தவை. எனக்கு அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உறையின் ஓரத்தை அளவுகோல் வைத்துக் கிழிப்பார். உரக்கப் படிப்பார். இரண்டு வரி தாண்டுவதற்குள் நிறுத்திவிடுவார். "'கடைக்குப் போனேன்'னு எழுதியிருக்கா. எந்தப் பக்கம்? எத்தனை தப்படி? இதையெல்லாம் எழுதாம என்ன கடுதாசி இது!" அடுத்த பதிலில் அந்தக் கேள்விகள் போகும். ஆறு வாரம் கழித்து நீ எண்ணி எழுதுவாய்: விடுதி வாசலிலிருந்து ரொட்டிக் கடை நூற்றுப்பத்துத் தப்படி, வலப்பக்கம். உன் தப்படி இரண்டடி மூன்றங்குலம் என்று விமானம் ஏறும் முன்பே அவர் உன்னைக் கூடத்தில் நடக்கவைத்து அளந்து வைத்திருந்தார்.

பென்சிலில் அவர் போடுவார், மையில் நான் இழுப்பேன். அங்குலத்துக்கு நூறடி. அந்த ஊரின் தபால் பெட்டி எங்கே, எந்த வீட்டுச் சுவரில் நாய் கட்டியிருக்கும், பாலத்துக்கு எத்தனை தூண் என்று எனக்கு இன்றும் தெரியும். இந்த வீட்டில் மருந்துச் சீட்டை எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

நீ மூன்று வாரம் தவறான வகுப்பில் உட்கார்ந்த கதையை அப்பா எத்தனை முறை படிக்கச் சொன்னார், ஞாபகமிருக்கிறதா? உனக்கு எங்கே ஞாபகமிருக்கும், நீதான் இங்கே இல்லையே. கல்லூரி முன்வாசலிலிருந்து தொண்ணூறு தப்படி, இடப்பக்கம் என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னதை நீ பின்வாசலிலிருந்து எண்ணி, கால்நடை மருத்துவ வகுப்பில் போய் உட்கார்ந்தாய். மாட்டுக் குளம்பைப் பற்றி நாற்பது பக்கம் குறிப்பு எடுத்தாய். "எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆகவே பாடத்திட்டம்தான் தவறாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் பொண்ணுடா" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்தப் பேராசிரியர் கடைசியில் உன்னிடம் சொன்னாராம்: "ரெண்டாவது வாரமே தெரியும்மா. உன் குறிப்பு ரொம்ப சுத்தமா இருந்துது, எழுப்பி அனுப்ப மனசு வரல."

அப்படி ஒரு ஊரை அந்த மனிதர் எனக்குத் தெருத் தெருவாக வரைந்து காட்டினார். வரைந்து காட்டியதால்தான் நான் விண்ணப்பம் போட்டேன். இடமும் கிடைத்தது. பதினெட்டு வயது. ஜூலை மாதம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல், "வேணாம்மா. நீ இங்கேயே இரு" என்றார். ஏன் என்று கேட்டேன். "வேணாம்னா வேணாம்" என்றார்.

அதன் பிறகு அவர் இருந்த ஒன்பது வருஷமும் தேவைக்கு மேல் நான் அவரிடம் பேசவில்லை. அவருடைய அலுவலகத்திலேயே எனக்கு வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசர் வேலை. காலையில் அவர் பத்தடி முன்னால் நடப்பார், நான் பின்னால். "என்னம்மா, அப்பாவுக்குக் காவலா?" என்று தலைமை எழுத்தர் கேலி செய்வார். இதையெல்லாம் நான் முன்னுரையில் எழுதவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறேன். அதுவும் உனக்குப் பொறுக்கவில்லை.

முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
தங்கை


மார்ச் 16

தங்கைக்கு,

மாட்டுக் குளம்புக் குறிப்பு நாற்பது பக்கம் அல்ல, முப்பத்தாறு. அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. மண்ணியலில் எடுத்த குறிப்புகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். இதை மட்டும் ஏன் வைத்துக்கொண்டேன் என்று கேட்காதே.

நீ கிளறிவிட்டதால் இந்த வாரம் முழுவதும் அந்த ஊரிலேயே நடந்துகொண்டிருக்கிறேன். பதினான்காம் எண் பேருந்து பற்றி நான் உங்களுக்கு எழுதவே இல்லை என்று நினைக்கிறேன். முதல் குளிர்காலம். ஆய்வகத்திலிருந்து திரும்பும்போது பேருந்தின் சூட்டில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். எல்லோரும் இறங்கிய பின் ஓட்டுநர் வந்து இருக்கையின் முதுகில் தட்டினார்.

"எங்க இறங்கணும் நீங்க?"

சொன்னேன்.

"அது பன்னெண்டு நிறுத்தம் முன்னாடி. தூங்குற முகத்தப் பாத்து எழுப்பல. உக்காருங்க, இருபது நிமிஷத்துல திரும்பப் போகும்."

பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி தேநீர் ஊற்றினார். சர்க்கரை அதிகம். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் நான்கு முறை, தூக்கம் வராமலே, கண்ணை மூடிக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை போயிருக்கிறேன். அவரும் நான்கு முறையும் என்னை எழுப்பவில்லை. காதல் கத்தரிக்காய் என்று கற்பனை செய்யாதே. அவருக்கு அறுபது வயது. எனக்கு வேண்டியிருந்தது அந்த இருபது நிமிஷம்.

முன்னுரைக்கு வருவோம். "அப்பா வேண்டாம் என்றார்" என்பதற்குப் பதில் "போக இயலவில்லை" என்று எழுது. பொய்யும் அல்ல, யாரையும் குத்தவும் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதத் தெரியாதா?

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று நீ அவரைக் கேட்டது ஒருமுறைதான். ஒன்பது வருஷத்தில் இரண்டாம் முறை கேட்டிருக்கலாம்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாம் முறை கேட்டிருக்கலாம் என்கிறாய். கேட்டேன். உனக்குச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில், கடைசி வாரம். "ஏம்பா என்னை அனுப்பல?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்காவ நல்லா பாத்துக்கோ" என்றார். எனக்கு வந்ததே கோபம்! சாகிறபோதுகூட உன்னைப் பற்றித்தான் கவலை.

"போக இயலவில்லை" என்று எழுத மாட்டேன். கால் உடைந்து கிடந்தவள் மாதிரி இருக்கிறது.

இப்போது வேறு ஒரு விஷயம்.

புத்தகத்தின் நடுவில் அப்பாவின் வரைபடத்தைப் போடலாம் என்று எடுத்தேன். பாதியில் நின்றுபோனது அல்லவா, மீதியை உன் கடிதங்களை வைத்து நானே முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். உன் அறையில் ஆரம்பித்தேன். முதல் வருஷம் அக்டோபர் கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்:

"அப்பாவின் கேள்விக்குப் பதில். என் அறையின் ஜன்னல் கிழக்கே. அகலம் மூன்றடி நான்கங்குலம். காலை ஏழு மணிக்கு வெயில் மேசைவரை வரும். வெளியே தோட்டம், வேலிவரை இருபத்திரண்டடி. நடுவில் ஒரு மரம். விடுதிக்கார அம்மாள் ஞாயிறுதோறும் அதன் கீழே நாற்காலி போட்டு என்னையும் கூப்பிடுகிறார்."

அடுத்த ஜூன் கடிதத்தில் இப்படி:

"என் அறைக்குள் வெயில் என்பதே இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். ஈரத்தில் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கின்றன. விடுதிக்கார அம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரொட்டிக் கடைக்கு மழையில் அரைமணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது. தனியாக வரும் பெண்களுக்கு இந்த ஊர் ஏற்றதல்ல."

இரண்டு கடிதத்திலும் ஒரே விலாசம். ஒரே அறை எண். நூற்றுப்பத்துத் தப்படியில் இருந்த ரொட்டிக் கடை எப்படி அரைமணி தூரம் போனது? ஜன்னல் எப்படி நகர்ந்தது? அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் சுவர் எழும்ப இடமே இல்லை.

பிறகு எனக்குப் புரிந்தது அக்கா. ஜூனுக்கு முந்தைய கடிதங்கள்தான் பொய். நாங்கள் கவலைப்படக்கூடாது என்று வெயிலையும் மரத்தையும் நீயே உண்டாக்கி எழுதியிருக்கிறாய். கடைசியில் தாங்க முடியாமல் ஜூனில் உண்மையை எழுதிவிட்டாய். இருபத்துமூன்று வயதில் அந்த இருட்டறையில் தனியாகக் கிடந்தாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? இத்தனை வருஷம் உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

அதோடு இன்னொன்றும் புரிந்தது. அந்த ஜூன் கடிதத்தையும் அப்பாதான் உரக்கப் படித்தார். நீ படும் பாடு அவருக்குத் தெரியும். நான் போயிருந்தால் உனக்கு ஒரு துணை ஆகியிருக்கும். தெரிந்தும் அடுத்த மாதமே என்னை வேண்டாம் என்றார். ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டதும் இல்லாமல் இன்னொரு பெண்ணை இருட்டில் விட்டுவைத்திருக்கிறார். இதை முன்னுரையில் முழுப் பத்தியாக எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். "அத்தை, தாத்தா மேல இவ்வளவு காட்டமா இருக்கே, போடலாமா?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன்.

இந்த முறை நீ என்ன சொன்னாலும் எடுக்க மாட்டேன். இது உனக்காக எழுதியது.

அன்புடன்,
தங்கை


மார்ச் 25 (அஞ்சலட்டை)

அச்சை நிறுத்தச் சொல். அந்தப் பத்தி பிழை. விவரம் நாளைய கடிதத்தில். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்.

அக்கா


மார்ச் 26

தங்கைக்கு,

ஜன்னல் கிழக்கேதான் இருந்தது. மூன்றடி நான்கங்குலம். வெயில் மேசைவரை வந்தது. மரமும் உண்மை, அதன் கீழே போட்ட நாற்காலியும் உண்மை. ரொட்டிக் கடை நூற்றுப்பத்துத் தப்படிக்கு மேல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பொய் சொன்னது ஜூன் கடிதம்.

நீ கண்ணீர் விட்ட இருட்டறையில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அதற்காக நீ எனக்குக் கொடுத்த இரக்கத்தைத் திருப்பிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வாங்கிப் பழக்கமில்லாததால் இரண்டு நாள் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் அந்த ஊரில் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஆறு. அன்றிலிருந்து உனக்குச் சடை பின்னியது, நகம் வெட்டியது, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் உன் டீச்சர் கூப்பிட்டனுப்பினால் போய்த் தலைகுனிந்து நின்றது எல்லாம் நான். குறையாகச் சொல்லவில்லை, அளவாகச் சொல்கிறேன். பதினொரு வருஷம் "அக்கா" என்ற சத்தம் வீட்டின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்தேன். அந்த ஊரில் நான் மண்புழு. யாருக்கும் அக்கா இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை போகலாம், கேட்பதற்கு ஆள் கிடையாது. அந்தச் சுகத்தை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதக்கூடிய சுகமா அது?

அந்த மே மாதம் அப்பாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டிலிருந்து அல்ல, அவர் அலுவலகத்திலிருந்து. வீட்டுக்கு வரும் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை நீ கேட்க உரக்கப் படித்தாக வேண்டும் என்பதால், பதிலையும் அலுவலகத்துக்கே அனுப்பச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே அனுப்பினேன். நான் அவருக்கு எழுதியது வீட்டில் படிக்கும் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் ஜூன் மாதம் ஜன்னலை நகர்த்தினேன். தன் கையால் பென்சிலில் அந்தத் தோட்டத்தை வரைந்தவர் அவர். அங்கே சுவர் எழும்ப இடமில்லை என்பது உனக்கு மூன்று நாளில் தெரிந்தது என்றால் அவருக்கு மூன்று நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதன் பிறகு அவர் ஏன் அந்தப் படத்தைத் தொடவில்லை என்று நீ யோசித்திருக்கிறாயா? நான் ஊர் திரும்பிய அன்றே எனக்கு அது புரிந்தது. கூடத்துச் சுவரில் பாதி ஊர் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அவருக்குத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவர் கூரையைப் பார்த்தபோது நான் வராந்தாவில் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டதற்கு நான் சொல்லிவந்த காரணங்களையும் இத்துடன் அடித்துவிடு. தினமும் காலையில் உங்கள் இருவரையும் பத்தடி இடைவெளியில் பார்க்க என்னால் முடியவில்லை.

புத்தகத்தைப் போடு. ஜூனிலிருந்து எழுதிய கடிதங்களையும் போடு, அவை பொய் என்ற குறிப்போடு. இரக்கப் பத்தியை எடுத்துவிடு. நீ என்னோடு பேசாமல் இருப்பதானால் அது உன் உரிமை. ஒன்பது வருஷ அனுபவம் உனக்கு இருக்கிறது. எனக்கு அவ்வளவு வருஷம் இருக்குமா என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்.

அப்பாவின் கடிதத்தை நான் கிழித்துவிட்டேன். ஆனால் ஒரு சொல்கூட மறக்கவில்லை. "சின்னவளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அனுப்ப எனக்குச் சம்மதம். நான் தனியாக இருந்துகொள்வேன், சமைக்கவும் கற்றுக்கொண்டு வருகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்று எழுதினால் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறேன்."

நான் எழுதிய பதில்: "அனுப்ப வேண்டாம். நான் சொன்னதாகவும் சொல்ல வேண்டாம்."

அக்கா